மலை வீட்டுக்குப் புயல் வரும் வழி

ஏற்காடு,
ஐப்பசி மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. இங்கே அனைவரும் நலம். காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிவிட்டதால், பறிக்க ஆள் தேடுவதே பெரும்பாடாக இருக்கிறது.

நீ கேட்டுக்கொண்டபடி, பாப்பாவும் மாப்பிள்ளையும் குடிவந்திருக்கும் வீடு புயல் மழையைத் தாங்குமா என்று போய்ப் பார்த்தேன். 2011 டிசம்பரில் தானே புயல் உங்கள் கடலூர்ப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்ததைக் கண்ட உனக்குக் காற்றின் வேகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே புயல் பெரும்பாலும் தண்ணீராகத்தான் வந்து சேரும். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து வலுவிழந்த பிறகுதான், உள்மாவட்டமான கிருஷ்ணகிரியில் ஊத்தங்கரை 50 சென்டிமீட்டர் மழையை வாங்கியது. சேலத்திலிருந்து ஏறும் நம் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின் மீது பாறையும் மண்ணும் சரிந்து ஏழு உயிர்கள் போயின. ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுவதால், கடலிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறோம் என்பது நமக்குக் காப்பாகாது. புயல் கரையைக் கடந்தது என்று செய்தியில் சொன்ன பிறகு வரும் இரண்டு நாள்களில்தான் பாப்பாவும் மாப்பிள்ளையும் விழிப்பாக இருக்க வேண்டும்.

வீடு உறுதியாகத்தான் இருக்கிறது. என் கவலையெல்லாம் பின்பக்கத்துச் சரிவைத் தாங்கி நிற்கும் கருங்கல் சுவரைப் பற்றியது. அதில் தண்ணீர் வடிவதற்காக வைத்த குழாய்களில் பாசியும் மண்ணும் அடைத்துக் கிடந்தன. ஒன்றை, பின்வாசலில் ஈரம் வருகிறதென்று யாரோ சிமெண்ட் வைத்தே பூசிவிட்டார்கள். கம்பியை விட்டுக் குத்தியபோது ஒரு குழாயிலிருந்து செம்மண் நீர் நெடுநேரம் ஒழுகியது. சுவருக்குப் பின்னால் தேங்கும் அந்த நீரின் அழுத்தமே பெருமழையில் சுவரைத் தள்ளிச் சாய்ப்பது. வீட்டுக்காரரிடம் சொல்லி, பூசிய குழாயைத் திறக்கவும், சரிவின் மேல்புறத்தில் வாய்க்கால் வெட்டி நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடவும் ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். சமையலறைக்கு மேல் நீண்டிருக்கும் சில்வர் ஓக் கிளை காற்றில் எளிதில் முறியக்கூடியது. எஸ்டேட்டில் அனுமதி பெற்று அதை இந்த வாரமே கழித்துவிடும்படி மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

மற்றவை நீ அறிந்தவைதான்: டார்ச், பவர் பேங்க், மாத்திரைகள், பிளாஸ்டிக் உறையில் பத்திரங்கள், மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது என்பதால் முன்கூட்டியே பிடித்துவைத்த குடிநீர். பாதை அடைபட்டால் காய்கறியும் பாலும் மேலே வராது. ஆகவே ஒரு வாரத்துக்கான மளிகை வீட்டிலேயே இருக்கட்டும். சரிவில் புது வெடிப்பு தென்பட்டாலோ, மரம் சாய்ந்தாலோ, ஓடை திடீரெனக் கலங்கினாலோ, கொட்டும் மழையில் சட்டென நீர் குறைந்தாலோ, சாமான்களை எடுக்க நிற்காமல் வெளியேறி, மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்குச் சொல்ல வேண்டும். இதை இருவருக்கும் விளக்கியிருக்கிறேன்.

இனி உன்னால் மட்டுமே ஆகக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. பாப்பாவுக்கு இது ஏழாம் மாதம். பெரிய மருத்துவமனைகள் எல்லாம் கீழே சேலத்தில்தான் இருக்கின்றன. இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாகவும் இறங்கலாம் என்றாலும், பெருமழையில் அந்தப் பாதையை நம்பி உட்கார்ந்திருப்பது சரியில்லை. சேலம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்த அன்றே, வெயில் அடித்தாலும், அவள் கீழே இறங்கிவிட வேண்டும். 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யும் என்கிற சிவப்பு எச்சரிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது. சேலம் அஸ்தம்பட்டியில் என் தங்கை வீட்டில் அவளுக்கு அறை ஒழித்து வைத்தாயிற்று. பறிப்புக் காலத்தில் மாப்பிள்ளையை விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. நான் சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டினாளே தவிர, ஒப்புக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. நீயும் தங்கச்சியும் பேசி, அவள் வாயால் சரி என்று சொல்ல வைத்துவிட்டு எனக்குத் தகவல் கொடு. வளைகாப்புக்கு நாள் குறித்ததும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்