வாக்களிக்கப் போவதில்லை என்று எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வேட்பாளர்களில் எவரும் தகுதியானவராகத் தெரியாததால் இம்முறை சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் போவதில்லை என்றும், ஆகவே எவருடைய வெற்றியிலும் உமக்குப் பங்கில்லை என்றும் எழுதியிருந்தீர். உமது மனக்கசப்பு நியாயமானது. ஆனால் பங்கில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2005 நவம்பர் 17 அன்று நீர் படித்த அதே பாடசாலையில் நான் தேர்தல் கடமையில் இருந்தேன். காலையில் வெறுமையாகத் திறந்து காட்டி முத்திரையிட்ட வாக்குப்பெட்டியைப் பின்னேரம் தூக்கியபோது கனம் கூடியிருக்கவில்லை. உள்ளே சில சீட்டுகள் மட்டும் சரசரத்தன. இடாப்பில் பெயர்களைக் கோடிட வைத்திருந்த அடிமட்டம் பெரும்பாலும் வைத்த இடத்திலேயே கிடந்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பதிவாகியிருந்த 701,938 பேரில் அன்று வாக்களித்தவர்கள் 8,524 பேர். பெயர் இருந்தவர்களுள் பலர் எப்போதோ புலம்பெயர்ந்துவிட்டார்கள்; ஊரில் இருந்தவர்களுள் பலர் புலிகள் பக்கத்துப் புறக்கணிப்பை மீற அஞ்சினார்கள். அஞ்சியவர்களை நான் குறைசொல்லமாட்டேன். உம்மை இன்று எவரும் மறிக்கவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

அந்தத் தேர்தலில் மகிந்த ராஜபக்ச 4,887,152 வாக்குகளும், ரணில் விக்கிரமசிங்க 4,706,366 வாக்குகளும் பெற்றார்கள். முதல் எண்ணிக்கையிலேயே வெல்வதற்குச் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும் என்பது எங்கள் சட்டம். அந்தப் பாதியைக் கணிக்கும்போது வீட்டிலிருந்தவர்களை எவரும் எண்ணுவதில்லை. எனவே, பிறருக்கு வாக்களித்திருக்கக்கூடிய இருவர் வராமல் நின்றால், வெல்பவர் தாண்டவேண்டிய கோடு ஒரு வாக்கால் கீழிறங்குகிறது. அன்று இன்னும் ஏறத்தாழ 58,000 பேர் வந்து, ரணிலுக்கென்றில்லை, களத்தில் நின்ற மற்ற எவருக்கு வாக்களித்திருந்தாலும், மகிந்த பெற்ற 50.29 வீதம் பாதிக்குக் கீழே இறங்கி, விருப்பு வாக்குகளை, அதாவது சீட்டில் இரண்டாம், மூன்றாம் தெரிவாக இட்டவற்றை, எண்ணவேண்டி வந்திருக்கும். அதன் முடிவில் யார் வென்றிருப்பார் என்பதை நான் ஊகிக்க விரும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் நிரம்பாத பெட்டிகளும் சேர்ந்தே அந்த முடிவை எழுதின என்பதைத்தான் சொல்லுகிறேன்.

வெற்றுச் சீட்டைப் போட்டாலும் இதே கதைதான். அது நிராகரிக்கப்பட்ட வாக்காகி, கணக்கிலிருந்து நீங்கிவிடும். வெல்லவே மாட்டார் என்று தெரிந்த ஒருவருக்கு நீர் இடும் அடையாளமோ கணக்கில் நிற்கும், வெல்பவர் தாண்டவேண்டிய கோட்டையும் உயர்த்தும்.

உமது வாக்காளர் அட்டை தபாலில் வந்துவிட்டதாக அம்மா சொன்னார். தேர்தலன்று காலை ஏழு மணிக்கு நான் பாடசாலை வாசலில் நிற்பேன். வாரும்.

அன்புடன்,
உமது பழைய ஆசிரியர்