வழிகாட்டலுக்குக் கெடு வைக்காதீர்கள்

வளரும் நாடுகளின் கிராமப்புறங்களில் தொழில் நடத்தும் பெண்களுக்குத் தன்னார்வ வழிகாட்டிகளை இணைத்துக் கொடுக்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், கடந்த எட்டு ஆண்டுகளாக இத்தகைய திட்டங்களில் வழிகாட்டியாக இருந்து வருகிறேன். இந்த வாய்ப்பைத் தந்தமைக்காக உங்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். கடன் வாங்கிச் சரக்கெடுத்து, அதை விற்றுத் தவணை கட்டி, மிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு பெண்ணின் கணக்கைக் கூடவே இருந்து பார்க்கும் பேறு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அந்த நன்றியோடுதான் ஒரு முறையீட்டையும் உங்கள் முன் வைக்கிறேன். நான் பங்கேற்ற திட்டங்கள் எல்லாமே ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ முடிந்துவிட்டன. அந்தப் பெண்ணின் தொழில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எவரும் பார்க்கவில்லை; நாட்காட்டியைப் பார்த்தே முடிவு தேதி குறிக்கப்பட்டது. இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்கக் கிராமமொன்றில் சோப்புத் தயாரித்து விற்கும் ஒரு பெண்ணுக்கு நான் வழிகாட்டியாக நியமிக்கப்பட்டேன். அவரிடம் சொந்தக் கைப்பேசி இல்லை. மூத்த மகன் வேலையிலிருந்து திரும்பிய பிறகு, அவருடைய கைப்பேசியில்தான் பேச முடியும். அமைப்பின் களப்பணியாளர் ஒருவர் மொழிபெயர்த்தார். இரண்டாவது சந்திப்புக்குள் மூன்றாண்டுத் தொழில் திட்டமொன்றை எழுதி அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஒரு படிவம் வந்திருந்தது. ஒரு கட்டி சோப்பின் அடக்கவிலை என்னவென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த நிலையில் மூன்றாண்டுக்கான விற்பனையை எதை வைத்து எழுதுவது? ஆனாலும் எழுதினோம். படிவம் நிரம்பியது, அதனால் எவருக்கும் எந்தப் பயனும் விளையவில்லை.

கணக்கு வைத்திருக்கிறீர்களா என்று மூன்றாவது சந்திப்பில் கேட்டேன். இல்லை என்றுதான் களப்பணியாளர் மொழிபெயர்த்தார். சற்று நேரம் கழித்து அந்தப் பெண் எழுந்து போய், பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கைப்பேசிக்கு நேராகப் பிடித்தார். அதன் பின்பக்கம் முழுவதும் கரிக்கோடுகள். விற்ற கட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. கடனுக்குக் கொடுத்திருந்தால் அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். பாக்கி வசூலானதும் வட்டத்தின் குறுக்கே ஒரு வெட்டு. வரவையும் நிலுவையையும் அந்த ஒரே தாளில் அவர் நடத்திக்கொண்டிருந்தார். கணினியில் அட்டவணை ஒன்று தயார் செய்து வைத்திருந்த நான் அதை மூடிவைத்தேன். அந்தத் தாளில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. வீட்டுக்கும் உறவினருக்கும் எடுத்துக் கொடுத்த கட்டிகள் அதில் ஏறவே இல்லை. நாத்தனார் எடுத்துப் போவதையுமா எழுத வேண்டும் என்று அவர் கேட்டார். எழுதுவோம், கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை, எத்தனை போகிறது என்று தெரிந்தால் போதும் என்றேன். அதற்கு ஒரு முக்கோணம் என்று அவரே முடிவு செய்தார். இரண்டு மாதம் கழித்து, கோடுகளுக்கு நடுவே எத்தனை முக்கோணங்கள் நிற்கின்றன என்பதைத் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டு, தவணை கட்ட ஏன் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது என்பதை எனக்கு அவர் விளக்கினார். எண்ணெய், காஸ்டிக் சோடா, விறகு, சந்தைக்குப் போய்வரும் வண்டிச் செலவு எல்லாவற்றையும் கூட்டி அடக்கவிலையைக் கண்டுபிடித்தது அதற்குப் பிறகுதான். அவருடைய சொந்த உழைப்புக்கும் ஒரு கூலி போட வேண்டும் என்று நான் சொன்னபோது, அதை அவர் நெடுநேரம் ஏற்றுக்கொள்ளவே இல்லை.

ஆறாவது மாதம் திட்டம் முடிந்தது. அவருக்குச் சான்றிதழும் எனக்குக் கருத்துப் படிவமும் வந்தன. அதே வாரத்தில் பக்கத்து நகரத்து வியாபாரி ஒருவர், மொத்தமாகச் சரக்கு வேண்டும், பணம் ஒரு மாதம் கழித்துத் தருகிறேன் என்று அவரிடம் கேட்டிருக்கிறார். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவர் எடுக்க வேண்டியிருந்த மிகப் பெரிய முடிவு அதுதான். திட்டக் காலம் முடிந்த பின் நேரடித் தொடர்பு கூடாது என்பது விதி. கையிலிருந்த முதல் முழுவதையும் அந்த ஒரே ஆர்டரில் போட்டார்; பணமோ சொன்ன நாளில் வரவில்லை; எண்ணெய் வாங்க வழியில்லாமல் இரண்டு மாதம் சந்தைக்கே போகவில்லை. பாதிச் சரக்கை மட்டும் கொடுங்கள், மீதி பாதிக்கு முன்பணம் கேளுங்கள் என்று சொல்லப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம்தான் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பெண்களை முறைகேடுகளிலிருந்து காப்பதற்காகவே அந்த விதி வகுக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிவேன். அமைப்பின் கண்காணிப்பு இல்லாமல் வெளியாள் ஒருவர் தொடர்பில் இருப்பதில் ஆபத்து உண்டு. அதனால் கண்காணிப்பையே நீட்டுங்கள் என்று கேட்கிறேன்.

இது என் ஒருவனின் அனுபவம் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. கென்யத் தலைநகர் நைரோபியின் டண்டோரா பகுதியில் சிறுதொழில் நடத்தும் பெண்களிடம் வயட் புரூக்ஸ், கெவின் டொனோவன், டெரன்ஸ் ஜான்சன் ஆகிய மூவரும் நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு முறையான வணிக வகுப்பு நடத்தப்பட்டது. இன்னொரு பிரிவினர் அதே பகுதியில் வெற்றிகரமாகத் தொழில் நடத்தும் அனுபவமுள்ள பெண்களோடு இணைக்கப்பட்டனர். வகுப்புக்குப் போனவர்களின் லாபத்தில் மாற்றமில்லை. வழிகாட்டியோடு இணைக்கப்பட்டவர்களின் லாபம் சராசரியாக 20 சதவீதம் கூடியது. எங்கே சரக்கு மலிவாகக் கிடைக்கும் என்பது போன்ற, அந்த இடத்தில் இருப்பவருக்கே தெரியக்கூடிய தகவல்தான் இந்த உயர்வுக்கு முக்கியக் காரணமாக இருந்தது. அடுத்து அவர்கள் கண்டதை நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். வழிகாட்டியோடு இருந்த தொடர்பு அற்றுப்போனபோது, கூடிய லாபமும் கரைந்துபோயிற்று. நைரோபி நகரத்திலேயே இப்படி என்றால், சந்தைக்குப் போய்வரவே ஒரு நாள் ஆகும் ஊர்களில் தொடர்பு அறுவதன் விளைவு இன்னும் கடுமையாகத்தானே இருக்கும்?

அந்த ஆய்வு என்னைப் போன்ற தொலைதூர வழிகாட்டிகளின் எல்லையையும் காட்டிவிடுகிறது. அடக்கவிலையைக் கணக்கிட நான் உதவ முடியும். எந்தக் கடையில் எண்ணெய் மலிவு என்பதை என்னால் சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற வல்லுநர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் பி.யு.எம். அமைப்பு நெதர்லாந்தில் 1978-இல் தொடங்கியது. அதே நோக்கத்தோடு எஸ்.இ.எஸ். ஜெர்மனியில் 1983-இல் தொடங்கியது. இயந்திரக் கோளாறு, தரக் கட்டுப்பாடு, உலர்த்தும் முறை போன்றவற்றில் தேர்ந்த ஒருவர் சில வாரங்கள் தங்கிச் செய்துகொடுக்கும் உதவி பெரிது. ஆனால் கடன் கேட்கும் வாடிக்கையாளரிடம் எப்படி முகம் கோணாமல் மறுப்பது, மழைக்காலத்தில் விற்பனை படுத்துக்கிடக்கும்போது தவணையை எப்படிச் சமாளிப்பது என்பனவெல்லாம் அதே சந்தையில் பத்தாண்டு உட்கார்ந்து பழகிய இன்னொரு பெண்ணுக்குத்தான் தெரியும். ஆகவே தொலைவிலிருக்கும் தன்னார்வலர் ஒருவரோடு அருகிலிருக்கும் வியாபாரப் பெண் ஒருவரையும் சேர்த்து இரட்டை வழிகாட்டிகளாக அமையுங்கள். அருகிலிருப்பவருக்குக் கட்டாயம் ஊதியம் கொடுங்கள். ஓய்வூதியம் வாங்கும் எனக்கு ஒரு மாலைப் பொழுதைக் கொடுப்பதில் இழப்பு ஏதுமில்லை. அவர் ஒரு நாள் கடையை அடைத்தால் அன்றைய வருமானம் போய்விடும். தன்னார்வம் என்ற ஒரே சொல்லால் இருவரையும் அளப்பது நியாயமாகாது.

பணம் யாருடைய கையில் நிற்கிறது என்பதும் வழிகாட்டியின் அக்கறைக்கு உட்பட்டதே. இலங்கையில் சிறுதொழில் நடத்துவோருக்கு மானியமாகப் பணம் கொடுத்து ஆராய்ந்தபோது ஆண்களின் லாபம் உயர்ந்தது, பெண்களின் லாபம் உயரவில்லை. பெண்களுக்குத் தொழில்திறன் குறைவு என்று இதைப் பலர் அவசரமாகப் படித்தார்கள். இந்தியா, கானா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் தரவுகளையும் சேர்த்து ஆராய்ந்து 2019-இல் வெளியான ஒரு கட்டுரை அந்தத் தவறைத் திருத்தியது. வீட்டில் வேறொருவரும் தொழில் நடத்தினால், பெண்ணுக்கென்று வந்த பணம் பெரும்பாலும் அந்தத் தொழிலுக்குப் போய்விடுகிறது. அவருடைய தொழில் ஒன்றே வீட்டின் தொழிலாக இருக்கும் இடங்களில் ஆண் பெண் வேறுபாடு காணப்படவில்லை. உகாண்டாவில் பிராக் அமைப்பிடம் கடன் பெற்ற பெண்களிடம் நடந்த ஆய்வொன்றும் இதையே வேறு வழியில் காட்டுகிறது. ரொக்கமாகக் கொடுக்காமல் அவர்கள் பெயரிலேயே உள்ள கைப்பேசிப் பணக் கணக்கில் கடனைச் செலுத்தியபோது, எட்டு மாதங்களில் அவர்களுடைய லாபம் ரொக்கமாகப் பெற்றவர்களைவிட 15 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இதையெல்லாம் அறிந்த வழிகாட்டி, லாபம் ஏன் கூடவில்லை என்று கேட்பதற்கு முன், பணம் எங்கே போகிறது என்று கேட்பார். ஆனால் மகனின் கைப்பேசியில், மகன் பக்கத்திலிருக்க, களப்பணியாளர் வழியாக, இரண்டாவது சந்திப்பில் எந்தப் பெண் அதற்குப் பதில் சொல்வார்? அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தபோதெல்லாம் குறைந்தது ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. நம்பிக்கை பிறந்து அவர் வாய் திறக்கும் வேளையில் நாம் விடைபெற்றுக்கொள்கிறோம்.

பெண்களைத் தனித்தனியாக அழைக்காமல் தோழியரோடு அழைக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்துகிறேன். 1974-இல் அகமதாபாத்தில் சுயதொழில் பெண்கள் சங்கமான சேவா தொடங்கிய வங்கியின் வாடிக்கையாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டே நாள் பயிற்சிதான். தோழி ஒருவரோடு வந்தவர்கள் அதன்பின் கடன் பெற்றுத் தொழிலைப் பெருக்கினார்கள். தனியாக அழைக்கப்பட்டவர்களிடம் அந்த மாற்றம் தென்படவில்லை. வெளியே போய்வரக் கட்டுப்பாடு மிகுந்த சமூகங்களைச் சேர்ந்த பெண்களிடம்தான் தோழியின் துணை கூடுதலாகப் பலித்தது. இதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. அழைப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

பெண்களுக்கு எதிரான எல்லாவகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்காக ஐ.நா. 1979-இல் நிறைவேற்றிய உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு கிராமப்புறப் பெண்களுக்கென்றே எழுதப்பட்டது. வேளாண் கடன், சந்தை வசதி, தொழில்நுட்பம் ஆகியவற்றைப் பெறுவதும், சுய உதவிக் குழுக்களையும் கூட்டுறவுகளையும் அமைத்துக்கொள்வதும் அதில் அவர்களுடைய உரிமைகளாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. ஆண்டுதோறும் அக்டோபர் 15 கிராமப்புறப் பெண்கள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2026-ஐப் பன்னாட்டுப் பெண் உழவர் ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருக்கிறது. இத்தகைய ஆண்டுகளில் புதிய திட்டங்கள் நிறையப் பிறக்கும், நிதியும் வரும். ஆண்டு முடிந்ததும் அவை வாடிவிடக் கூடாதே என்ற கவலையும் இந்த மடலை எழுதத் தூண்டியது.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். இணைப்புக்கு மூன்றாண்டுக் காலம் கொடுங்கள். முதலாண்டில் மாதம் இருமுறை பேசினால், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று மாதத்துக்கொரு முறை போதும். அதோடு, பெரிய ஆர்டர், புதிய கடன், கூட்டாளி சேர்த்தல் போன்ற முடிவுகளின்போது அவர் அழைத்தால் வழிகாட்டி பதில் சொல்லியாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இதற்கு ஆகும் கூடுதல் செலவு, களப்பணியாளரின் சில மணி நேரமும் தொலைபேசிக் கட்டணமும் மட்டுமே. தொழில் திட்டப் படிவத்தை முதல் மாதத்தில் கேட்காமல் ஆறாவது மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தரும்போது, அந்தப் பெண் ஏற்கெனவே எப்படிக் கணக்கு வைத்திருக்கிறார் என்று கேட்டறிவதை முதல் பாடமாக வையுங்கள். எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம் என்பதை ஆண்டறிக்கையில் எழுதும் நீங்கள், இரண்டு ஆண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

நிதி கொடுப்போர் ஓராண்டுக்கு மேல் உறுதி தருவதில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். நியாயமான தடைதான். அப்படியானால் நூறு பேருக்கு ஓராண்டு என்பதை முப்பது பேருக்கு மூன்றாண்டு என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். எண்ணிக்கை குறைவதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், எங்களைப் போன்ற வழிகாட்டிகளை உடன் அழைத்துச் செல்லுங்கள், நாங்கள் பேசுகிறோம்.

அடுத்த சுற்றுக்கான விண்ணப்பத்தில் காலம் என்ற இடத்தில் மூன்றாண்டு என்று எழுதியே அனுப்பியிருக்கிறேன். அந்த இடத்தில் ஆறு மாதம் என்று முன்கூட்டியே அச்சிட்டிருந்ததை அடித்துத்தான் எழுத வேண்டியிருந்தது. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடாமல், ஒரு முறை பேச அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தன்னார்வ வழிகாட்டி ஒருவர்