வீட்டுப் புல்தரையின் ஓராண்டுப் பராமரிப்பு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கும் இந்த வாரங்களில், எங்கள் பண்ணையிலிருந்து புல் வாங்கிப் பதித்தவர்கள் தொலைபேசியில் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தினமும் தவறாமல் தண்ணீர் விடுகிறோமே, புல் ஏன் மஞ்சளாகிறது?" அதற்கு இரண்டு நிமிடத்தில் சொல்லும் விடை போதாது என்பதால், ஆண்டு முழுவதற்குமான பராமரிப்பை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

கோவைப் பகுதி வீடுகளில் நாங்கள் பெரும்பாலும் பதிப்பவை நல்ல வெயில் படும் இடத்துக்கு அருகம்புல் இனங்கள், முன்வாசலுக்குக் கொரியன் புல், மரநிழல் விழும் இடத்துக்கு அகன்ற இலையுடைய பஃபலோ புல் ஆகியவையே. இவை மூன்றும் வெப்பநாட்டுப் புற்கள். வெயில் இவற்றுக்குப் பகையன்று. வேர் ஆழம் போகாமல் மேல்மண்ணிலேயே தங்கிவிடுவதுதான் பகை. நாள்தோறும் பத்து நிமிடம் தெளித்தால் மேலே ஓர் அங்குல மண் மட்டுமே நனைகிறது. ஈரம் இருக்கும் இடத்தில்தானே வேர் நிற்கும்? சித்திரை வெயிலில் அந்த ஓர் அங்குலம் நண்பகலுக்குள் காய்ந்துவிட, அதற்குக் கீழே வேர் இல்லாத புல் மாலைக்குள் வாடிவிடுகிறது.

ஆகவே கோடையில் தினமும் சிறிது விடுவதை நிறுத்தி, இடைவெளி விட்டு ஆழமாக விடுங்கள். வாரத்துக்கு மொத்தம் 25 மில்லிமீட்டர் அளவு நீர் பொதுவாகப் போதும். 100 சதுர அடிக்கு அது ஏறத்தாழ 230 லிட்டர் ஆகும். செம்மண் நிலமானால் அதை வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறையாகப் பிரித்து விடலாம். ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைக்கும் கரிசல் மண்ணுக்கு இரண்டு முறை போதும். நீர் எவ்வளவு இறங்கியது என்று அறிய, தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்து நீளமான திருப்புளி ஒன்றை மண்ணில் அழுத்திப் பாருங்கள். ஈரம் உள்ள ஆழம் வரை அது இலகுவாக இறங்கும். காய்ந்த மண்ணைத் தொட்டதும் நின்றுவிடும். ஐந்து, ஆறு அங்குலம் இறங்கினால் சரி. விடியற்காலையே இதற்கு ஏற்ற நேரம். இரவில் விட்டால் இலை விடியும் வரை ஈரமாகவே இருந்து பூசணத்துக்கு இடம் கொடுக்கும். குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைப் புல்லுக்குத் திருப்பிவிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் உப்பு அடர்ந்திருப்பதால், ஏற்கெனவே உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் வளரும் புல்லுக்கு அது மேலும் கெடுதல் செய்யும்.

தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஆண்டுகளில், குடிநீரைப் புல்லுக்குச் செலவிட வேண்டாம் என்றே சொல்வோம். அருகம்புல்லும் கொரியன் புல்லும் மண்ணுக்குள் ஓடும் தண்டுகளில் உயிரை வைத்துக்கொண்டு, மேலே காய்ந்தாலும் மழைக்குப் பின் துளிர்க்கக்கூடியவை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மண் நனையுமளவு விட்டாலே தாக்குப்பிடிக்கும். பஃபலோ புல்லுக்கு அந்தத் தாங்குதிறன் குறைவு. காய்ந்த புல்லைப் பச்சையாக்க யூரியா போடுவது மட்டும் கூடவே கூடாது.

வெட்டும்போது இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். கோடையில் வழக்கத்தைவிட அரை அங்குலம் உயரமாக விட்டால், இலையின் நிழலே மண்ணைக் காக்கும். வெட்டிய மறுநாள் இலை நுனி நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் இயந்திரத்தின் கத்தி மழுங்கியிருக்கிறது என்று பொருள். அதை நோய் என்று எண்ணி மருந்து அடிக்க வேண்டாம்.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, வானம் மூட்டமாக இருந்தாலும் மண்ணை உலர்த்திவிடும். தூறலை நம்பி இருந்துவிடாமல் அதே திருப்புளியால் சோதித்துப் பாருங்கள். கோடை மழைக்குப் பின் மாலை வேளைகளில் வேப்பமரத்தில் மொய்க்கும் பழுப்பு வண்டுகள் மண்ணில் முட்டையிட, அவற்றின் வேர்ப்புழுக்கள் இந்த மாதங்களில்தான் புல்லின் வேரைத் தின்கின்றன. வாடிய திட்டைக் கையால் பற்றி இழுத்தால் பாய் போல் சுருண்டு வந்து, அடியில் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்கள் தென்பட்டால் ஐயமே வேண்டாம். அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் விட்டும் பயனில்லை. புழுக்களைப் பொறுக்கி அழித்து, வேப்பம் புண்ணாக்கைத் தூவி மண்ணில் கலந்து நீர் விடுங்கள். மட்காத சாணத்தைப் புல்தரையில் போடுவது இவ்வண்டுகளை வரவழைப்பதோடு களை விதைகளையும் கொண்டுவரும்.

ஆண்டின் முதன்மையான வேலை புரட்டாசியில் இருக்கிறது. பலரும் தவறவிடுவதும் இதைத்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், நான்கு பல் இரும்புக் கவையால் நான்கு அங்குல இடைவெளியில் மண்ணைக் குத்தித் துளையிட்டு, சலித்த மண்புழு உரத்தை இலை நுனி மறையாத அளவு மெல்லியதாகப் பரப்புங்கள். மழைநீர் அந்தத் துளைகள் வழியே இறங்கும். வேரும் பின்தொடர்ந்து இறங்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் ஆண்டு முழுவதும் சேர்த்துவைத்த உப்பு கரைந்து கீழே போவதும் அப்போதுதான். யூரியா தேவைப்பட்டால் 100 சதுர அடிக்கு 50 கிராம் போதும். இலை உலர்ந்திருக்கும்போது சீராகத் தூவி உடனே நீர் விட வேண்டும். கனமழைக்கு முதல் நாள் போட்டால் உரம் முழுவதும் சாக்கடைக்குத்தான் போகும்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் செய்ய வேண்டியது குறைவு. தானியங்கித் தெளிப்பான் வைத்திருப்பவர்கள் அதை நிறுத்திவிடுங்கள். ஒரு நாளுக்கு மேல் நீர் தேங்கினால் வாய்க்கால் எடுத்து வடியவிடுங்கள். ஈர மண்ணில் நடந்தால் குத்திய துளைகள் மீண்டும் இறுகிவிடும். கோரையைக் களைய இதுவே தருணம் என்றாலும், இலையைப் பிடுங்கினால் மண்ணில் தங்கும் கிழங்கு மீண்டும் முளைக்குமாதலால், கூர்மையான களைக்கொட்டால் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும்.

மார்கழி, தை மாதக் குளிரில் புல்லின் வளர்ச்சி குறைவது இயல்பு. அதைப் பசி என்று எண்ணி உரம் கொடுக்க வேண்டாம். பனி உலர்ந்த பிறகே வெட்டுங்கள்.

மஞ்சளுக்கு மற்றொரு காரணமும் உண்டு. வீடு கட்டியபோது கொட்டிய சுண்ணாம்பும் சிமென்ட்டும் அடிமண்ணில் கலந்திருந்தால், புல்லால் இரும்புச் சத்தை எடுக்க இயலாது. இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருப்பது அதன் அடையாளம். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவானால் முதலில் மஞ்சளாவது முதிர்ந்த இலையே. இரும்புக் குறைவுக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து மாலையில் தெளியுங்கள்; தரை ஓடுகளில் பட்டால் துருக்கறை நீங்காது என்பதால் கவனம் தேவை.

இவற்றுக்குப் பிறகும் புல் தேறாவிட்டால், புகைப்படத்துக்குப் பதிலாக, பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் ஓரத்திலிருந்து கையகல அளவில், ஆறு அங்குல ஆழ மண்ணோடு வெட்டியெடுத்து, ஈரத் துணியில் சுற்றிப் பண்ணைக்குக் கொண்டுவாருங்கள். வேரைப் பார்த்துக் காரணம் சொல்கிறோம். இதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
பண்ணை நிர்வாகத்தினர்,
கோயம்புத்தூர்.