முழங்கால் ஆய்வுப் படிவம் தமிழிலும் வேண்டும்

ஆசிரியருக்கு,

வெள்ளவத்தையில் லிஃப்ட் இல்லாத தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். வயது 71. முப்பத்திரண்டு வருடம் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவள். அவ்வளவு காலமும் கரும்பலகைக்கு முன்னால் நின்றே கழிந்தது. இப்போது இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, வலது கால் கூட மோசம். கொழும்பில் ஓர் அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குக்கு மாதம் ஒருமுறை போய்வருகிறேன். போன மாதம் அங்கே நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு வாங்கில் இருந்தபோது ஓர் இளம் பெண் வைத்தியர் வந்தார். முழங்கால் வலிக்கான ஓர் ஆய்வுக்கு ஆட்கள் சேர்ப்பதாகச் சொன்னார். பண்பான பிள்ளை, வயதானவர்களுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றுதான் பேசினார். எனக்கு ஆங்கிலப் படிவம் கிடைத்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஐயாவிடம் சிங்களப் படிவத்தை நீட்டினார். அந்த ஐயா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பதினாறு வயதில் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் நாற்பது வருடம் நாட்டாமையாக மூட்டை சுமந்தவர். அரிசியும் சீனியும், மூட்டை ஒன்று ஐம்பது கிலோ. முழங்காலோடு நாரியும் போய்விட்டது.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எழுதப் படிக்கத் தெரியுமுங்க டீச்சர். ஆனா தமிழ்தாங்க தெரியும்."

தமிழ்ப் படிவம் இருக்கவில்லை. நான் வாசித்து விளங்கப்படுத்துகிறேன் என்றேன். அப்படிச் செய்ய அனுமதி இல்லை என்று வைத்தியர் வருத்தத்தோடு சொன்னார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. விளங்காத தாளில் நோயாளியிடம் கையெழுத்து வாங்கக்கூடாது என்பது நல்ல விதி. ஐயா தாளை மடிப்பு விழாமல் திருப்பிக் கொடுத்தார். அன்று நான் ஆய்வில் சேர்ந்தேன், அவர் சேரவில்லை.

இதை ஏன் பெரிதாக எடுக்கிறேன் என்று வாசகர்கள் கேட்கலாம். எழுமாற்று மாதிரி, அதாவது எல்லோருக்கும் இடம் கிடைக்கக்கூடியதாகக் குலுக்கல் முறையில் ஆட்களைத் தெரிவது, என்றால் என்ன என்று நான் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை விளங்கப்படுத்தியிருக்கிறேன். மூட்டை சுமந்து தேய்ந்த முழங்காலை வெளியே விட்டுவிட்டு, கதிரையில் இருந்து வேலை செய்தவர்களையும் என்னைப் போன்றவர்களையும் மட்டும் சேர்த்தால், வரும் விடை யாருடைய முழங்காலுக்குப் பொருந்தும்?

இந்தக் கேள்வி வெறும் வகுப்பறைக் கேள்வி இல்லை. என் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. 2005இல் என் கணவருக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போனது. ஒரு தனியார் வைத்தியசாலையில், மூட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவி, கிழிந்த பகுதியைச் சீவிவிட்டால் சுகம் வரும் என்றார்கள். தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போனது. சுகம் ஆறு மாதம்கூட நிற்கவில்லை. அதற்கு மூன்று வருடத்துக்கு முன்பே, 2002இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முன்னாள் படைவீரர் வைத்தியசாலையில் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்திருந்தது. புரூஸ் மோஸ்லி என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவினரும் தேய்ந்த முழங்கால் உள்ள 180 பேரை எழுமாற்றாக மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மூட்டைக் கழுவிச் சீவினார்கள், இன்னொரு பகுதியினருக்குக் கழுவ மட்டும் செய்தார்கள், மூன்றாம் பகுதியினருக்குத் தோலில் சிறு கீறல் போட்டுத் தைத்துவிட்டார்கள். இரண்டு வருடம் பார்த்ததில், உண்மையான சத்திரசிகிச்சை செய்தவர்கள் வலியிலோ நடையிலோ மற்றவர்களை விட மேலாக இருக்கவில்லை.

அந்த ஆய்வில் என் மனதைத் தொட்டது வேறொன்று. தகுதியான 324 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். 144 பேர் மறுத்துவிட்டார்கள். சேர்ந்த ஒவ்வொருவரும் தம் நோய்ப் பதிவேட்டில், எனக்கு வெறும் போலிச் சத்திரசிகிச்சை மட்டுமே கிடைக்கலாம், அதனால் என் முழங்காலுக்கு நன்மை வராது என்று எனக்குத் தெரியும் என்ற கருத்தை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கையெழுத்து மட்டும் போதாது, முழு வசனத்தையும் எழுத வேண்டும். பிள்ளைக்கு உண்மையாக விளங்கியிருக்கிறதா என்று பார்க்க நாங்கள் வகுப்பில் செய்வதும் இதைத்தான். நாலாம் குறுக்குத் தெரு ஐயா அந்த வசனத்தை எந்த மொழியில் எழுதுவார்?

ஹூஸ்டன் ஆய்வில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அது பெண்களுக்கும் பொருந்துமா என்று வைத்திய உலகம் கேட்டது, கேட்டது நியாயம். கனடாவில் பெண்களையும் சேர்த்து நடந்த இன்னோர் ஆய்வு 2008இல் வெளிவந்தது, அதுவும் அதே முடிவுக்கு வந்தது. யார் விடுபட்டார்கள் என்று கேட்டுத் திரும்பச் செய்தபடியால்தான் பெண்களுக்கும் விடை கிடைத்தது.

என் மகள் ரொறொன்ரோவிலிருந்து மூட்டு வலிக்கென்று விற்கும் கிளூக்கோசமின் குளிசைப் போத்தல்கள் அனுப்பிக்கொண்டே இருந்தாள். 1583 பேரில் நடந்து 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், மொத்தமாகப் பார்க்கையில் அது மருந்தே இல்லாத வெற்றுக் குளிசையை விடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக இருக்கவில்லை என்று அறிந்தபின் நிறுத்தச் சொன்னேன். இப்போது கதிரையில் இருந்து காலை நீட்டி உயர்த்தும் பயிற்சிகளைக் காலையும் மாலையும் செய்கிறேன். 156 பேரில் நடந்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முழங்கால் மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசி போட்டவர்களை விட பிசியோதெரபி செய்தவர்களுக்கு ஒரு வருடத்தின் பின் வலியும் முடக்கமும் குறைவாக இருந்தன. மூன்று மாடிப் படியில் அது எனக்கும் தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் என் அப்பாவின் கை முறிந்தபோது முறிவு நெரிவு வைத்தியர் புக்கை கட்டினார், கை பொருந்தியது. அந்த வைத்தியத்தையும் இதே முறையில், இதே மரியாதையோடு ஆராய வேண்டும் என்பது என் ஆசை.

படிவம் தமிழில் வந்தால் மட்டும் போதாது, கேள்விகளும் எங்களுடையவையாக இருக்க வேண்டும். முழங்கால் ஆய்வுகளில் உலகெங்கும் பாவிக்கும் வோமக் என்ற கேள்வித்தாள் 1980களில் கனடாவில் உருவானது. மொத்தம் 24 கேள்விகள். சொக்ஸ் போடுவது எவ்வளவு கஷ்டம், சொக்ஸ் கழற்றுவது எவ்வளவு கஷ்டம், காரில் ஏறி இறங்குவது எப்படி, குளியல் தொட்டிக்குள் போய் வருவது எப்படி என்று கேட்கிறது. நான் சொக்ஸ் போட்டதும் இல்லை, வீட்டில் தொட்டியும் இல்லை. மயூரபதி அம்மன் கோவிலில் சப்பாணி கட்டி இருக்க முடியாமல் தூணோடு நிற்கிறேனே, அதை யாரும் கேட்பதில்லை. 100ஆம் இலக்க பஸ்ஸின் மிதிபலகையில் கால் வைக்கும்போது கொண்டக்டர் அவசரப்படுத்துவதையும் கேட்பதில்லை. கீழ்வீட்டு ஆயிஷா உம்மா நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூது செய்ய முடியாமல் கதிரையில் இருந்து தொழுகிறார். பழைய வீடுகளில் குந்தியிருக்கும் கக்கூஸ்தான் இன்னும் இருக்கிறது. இந்தியாவில் புனே நகர வைத்தியர்கள் இந்தக் கேள்வித்தாளைத் தங்கள் மக்களின் பழக்கத்துக்கு ஏற்றபடி திருத்தியிருக்கிறார்கள். இங்கேயும் அதைச் செய்யலாம்.

1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் இந்த நாட்டின் அரசகரும மொழியாக்கியது. ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் ஒழுக்கநெறிக் குழுக்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: தமிழ் பேசுவோர் வரும் கிளினிக்கில் நடக்கும் எந்த ஆய்வுக்கும், தமிழ்ப் படிவத்தைக் கண்ணால் பார்த்தபின் அனுமதி கொடுங்கள். அந்தத் தமிழும் நாட்டாமை ஐயாவுக்கு விளங்கும் தமிழாக இருக்கட்டும். "அறிவுறுத்தப்பட்ட சம்மதத்தின் பேரிலான பங்கேற்பு" என்று எழுதினால் எனக்கே இரண்டு தரம் வாசிக்க வேண்டும். "உங்களுக்குத் தரும் குளிசை மருந்தாகவும் இருக்கலாம், வெறும் மாவாகவும் இருக்கலாம். எது என்று உங்களுக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழமையான வைத்தியம் நிற்காது" என்று எழுதலாமே.

இந்த மூன்று வசனத்தையும் கிளினிக் வாசலில் அந்த ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "மாவுதான்னா, எனக்கு அப்புறமா நல்ல மருந்து குடுப்பாங்களா டீச்சர்?" என்றார். ஆய்வுக்குச் சேரும் எவரும் கேட்க வேண்டிய கேள்வி அது. நான் கையெழுத்திட்ட நாலு பக்க ஆங்கிலப் படிவத்தில் அதற்குப் பதில் தேடினேன், கிடைக்கவில்லை. அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் கேட்கப்போகிறேன். படிவத்தைத் தமிழாக்கித் தரவும் ஒரு சதமும் வாங்காமல் தயாராக இருக்கிறேன் என்று அன்றே அவரிடம் சொல்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6