இருட்டிய பிறகு நடப்பது

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறதாம். சாயங்காலமானால் எழுத்தெல்லாம் கலங்குகிறது. மற்றபடி நலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பகல் முழுக்க என்னுடையது என்பதால், பழைய நாவல்களைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறேன்.

விவாகரத்துக்கு அப்புறம் இருட்டிய பிறகுதான் நடக்கப் போகிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு, சட்டென்று பூனைக் கதைக்குத் தாவிவிட்டாய். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. காரணம், அப்போது நான் படித்துக்கொண்டிருந்தது ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் 'டெஸ்'. 1891இல் வந்த நாவல், கல்லூரியில் நாம் மாறி மாறி அழுதுகொண்டு படித்தோமே, அதுதான். பணக்கார வீட்டு இளைஞன் ஒருவனால் சீரழிக்கப்பட்டு ஊர் திரும்பிய டெஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறாள். குசுகுசுவென்று பேச்சு. அதோடு போவதை நிறுத்திவிடுகிறாள். பகலில் அவளுக்குத் தன் அறை. பொழுது சாய்ந்தால் காடும் மேடும்.

அந்த இடத்தில் ஹார்டி சொல்வது இருபது வயதில் என் கண்ணில் படவேயில்லை. வேலியில் தூங்கும் பறவைகளுக்கும் நிலவில் துள்ளும் முயல்களுக்கும் நடுவே, தான் ஏதோ குற்றவாளியாக நுழைந்துவிட்டதாக அவள் நினைக்கிறாள். முயலுக்கு என்னடி தெரியும்? ஊரை அவளே தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்திருக்கிறாள். அவள் மீறியது மனிதர் போட்ட சட்டத்தை, அந்தக் காடு அறிந்த எதையும் இல்லை என்கிறார் ஹார்டி.

அதற்காக அவர் காட்டைக் கோயிலாக்கிவிடவும் இல்லை. பின்னால் ஓர் இரவு அவள் மரங்களுக்கு நடுவே சருகு குவித்துப் படுக்கிறாள். விடிந்து பார்த்தால் சுற்றிலும் வேட்டைக்காரர்கள் சுட்டதில் பாதி உயிரோடு துடிக்கும் ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி போன்ற பறவைகள். கழுத்தைத் திருகி அவற்றின் வேதனையை முடித்து வைக்கிறாள். இந்தப் பக்கத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது எனக்கு அதிகம் பிடிப்பது அமெரிக்க எழுத்தாளர் ஹாதார்னின் 'ஸ்கார்லெட் லெட்டர்' நாவலில் வரும் ஹெஸ்டர்தான். முறைதவறிய உறவில் குழந்தை பெற்றதற்காக, சிவப்பு 'A' எழுத்தை எப்போதும் மார்பில் அணிய வேண்டும் என்று ஊர் அவளுக்குத் தண்டனை கொடுத்திருக்கிறது. பாஸ்டனுக்கு ஒதுக்குப்புறமாகக் கடலோரத்தில் ஒரு குடிசை. நிலம் விளையாது என்று முன்பு யாரோ கைவிட்டுப் போனது. அங்கே தையல் வேலை செய்து மகளை வளர்க்கிறாள். காட்டில் ஒரே ஒரு தடவை மார்பிலிருந்த அந்த எழுத்தைக் கழற்றி எறிந்து கூந்தலை அவிழ்த்துவிடுகிறாள். வெயில் வந்து விழுகிறது. ஆனால் மகள் பேர்ல் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்று அடம்பிடிக்கிறாள், அம்மா அதைத் திரும்பக் குத்திக்கொள்ளும் வரை. காடு கொடுத்த விடுதலை அவ்வளவுதான். குடிசை அப்படியில்லை. கடல் கடந்து போய்ப் பல வருடம் கழித்து, யாரும் கூப்பிடாமல் அவளே வந்து அதே கதவைத் திறக்கிறாள். மனம் நொந்த பெண்கள் யோசனை கேட்டு அங்கே வருகிறார்கள். முன்பு அவளை ஒதுக்கி வைத்த வீடு, இப்போது ஆட்கள் தேடி வரும் வீடு. அந்த எழுத்தையும் தானாகவே மறுபடி அணிந்துகொள்கிறாளே, அதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. நீ வேறு மாதிரி சொல்வாய், நேரில் சண்டை போடலாம்.

சரி, அடுத்த மாதம் இரண்டாவது வாரம் வருகிறேன். உன்னோடு நடக்கவும் வருவேன். ஆனால் மாலை நான்கு மணிக்கே கிளம்ப வேண்டும், இருட்டினால் எனக்குப் பாதை தெரியாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி