மலை ஏரியில் டைவ் கம்ப்யூட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்கூபா டைவிங் பற்றித் தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வந்த கட்டுரையில், கையில் கட்டிக்கொண்டால் ஆழத்தையும் பாதுகாப்பாக மேலே வருவதற்கான கணக்கையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் செயற்கைக்கோள் உதவியோடு உயரத்தைக் கண்டறிந்து எல்லாவற்றையும் தானே சரிசெய்துகொள்ளும் என்று இருந்தது. முதல் பாதி தவறு. இரண்டாம் பாதியை அப்படியே நம்பி மலை ஏரியில் இறங்குவது ஆபத்து.

அந்தக் கருவிக்கு உயரம் தெரியாது, அழுத்தம்தான் தெரியும். உள்ளே இருப்பது மெல்லிய சிலிக்கான் தகடு கொண்ட ஓர் அழுத்த உணரி. தகடு வளைய வளைய மின்தடை மாறும். வெற்றிடத்தை அடிப்படையாக வைத்து அளப்பதால் கரையில் காற்றின் அழுத்தமும், நீருக்குள் காற்றும் நீரும் சேர்ந்த அழுத்தமும் அதே உணரியில் பதிவாகின்றன. கரையில் எடுத்த அளவைக் கழித்து, மீதியை மீட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிபார் என்று வகுத்தால் ஆழம் கிடைக்கும்.

கடல்மட்டத்தில் 1013 மில்லிபார். அமெரிக்காவில் 1,897 மீட்டர் உயரத்தில் உள்ள டாஹோ ஏரியில் சுமார் 805. கம்ப்யூட்டர் 1013-ஐயே பிடித்துக்கொண்டிருந்தால் ஆழத்தை 2 மீட்டர் குறைத்துக் காட்டும். அதைவிட மோசமானது, மேலே வருவதற்கான கணக்கு. அழுத்தம் அளவுக்கு மீறிச் சட்டென்று குறைந்தால் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாகித் தீங்கு செய்யும். அந்த நைட்ரஜன் 1013 மில்லிபார் காற்றில் வெளியேறப் போகிறது என்று அது நினைக்கும். டைவர் தலைதூக்குவதோ 805-இல். டாஹோவில் 20 மீட்டர் இறங்குவது கடலில் கிட்டத்தட்ட 25 மீட்டர் இறங்குவதற்குச் சமம்.

பழைய மாடல்களில் உயரத்தை நாமே தேர்வு செய்ய வேண்டும். சூண்டோ வைப்பரில் ஏ0 என்றால் 300 மீட்டர் வரை, ஏ1 என்றால் 1,500 வரை, ஏ2 என்றால் 3,000 வரை. தென் அமெரிக்காவில் 3,812 மீட்டரில் இருக்கும் டிட்டிகாகா ஏரிக்கு அதில் இடமே இல்லை. தானாக மாற்றிக்கொள்ளும் மாடல்கள் அணைத்து வைத்திருக்கும்போதும் அவ்வப்போது விழித்துக் காற்றழுத்தத்தைக் குறித்துக்கொள்ளும். சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன. நீர் பட்டதை உணரும் நீர்த்தொடர்பு முனைகள் ஈரமாகவோ உப்புப் படிந்தோ இருந்தால், ஏற்கெனவே நீருக்குள் இருப்பதாக எண்ணி உயரத்தைப் பார்க்காமலே விட்டுவிடும் கருவிகள் உண்டு. முனைகளை நன்னீரில் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். விமானத்தில் பறக்கும்போது இயக்கினால் கேபின் அழுத்தத்தைக் கரை என்று எடுத்துக்கொண்டு, தரையிறங்கியதும் 2 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் காட்டும். இதில் சிரிப்புதான் வரும், ஆபத்தில்லை. 1100 மில்லிபாரைத் தாண்டினால் மட்டும் தானாக விழிக்கும் கருவியோ டாஹோவில் 3 மீட்டர் இறங்கிய பிறகே விழிக்கும். மலையில் எந்தக் கம்ப்யூட்டரையும் கரையிலேயே கையால் இயக்கி, ஆழம் சுழியம் காட்டுகிறதா, உயரக்குறி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அமைப்பு உப்புநீரில் இருந்தால் ஏரியில் ஆழம் 2 முதல் 3 சதவீதம் குறைவாகத் தெரியும். நைட்ரஜன் கணக்கு நேரடியாக அழுத்தத்தில் நடப்பதால் அதை இது பாதிக்காது.

பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. கம்ப்யூட்டருக்குத் தான் போய்வந்த இடம் தெரியும். அதைக் கட்டியிருப்பவர் போய்வந்த இடம் தெரியாது. கடல்மட்டத்தில் வாழ்பவரின் உடலில் நைட்ரஜன் அழுத்தம் சுமார் 0.75 பார். டாஹோவில் நிலைகொண்ட உடலில் 0.59. ஆக, மலையேறி வந்தவர் தண்ணீரைத் தொடும் முன்பே ஒரு சிறு டைவ் முடித்தவர் போலத்தான் நிற்கிறார். அவரோடு பயணம் செய்த கம்ப்யூட்டர் இந்த மிகுதியைக் கணக்கில் சேர்க்கும். ஏரிக்கரைக் கடையில் வாடகைக்கு எடுத்தது சேர்க்காது. வந்த பிறகு பேட்டரி மாற்றி நினைவு அழிந்ததும் சேர்க்காது. அப்படிப்பட்ட கருவியோடு இறங்குவதானால் முதலில் அங்கேயே தங்கியிருக்க வேண்டும். உடல் புதிய உயரத்துக்குப் பழக 12 மணி நேரம் என்று அமெரிக்கக் கடற்படையின் டைவிங் கையேடு கொள்கிறது.

நம் ஊர் வாசகருக்கு இதன் மறுபக்கம்தான் அதிகம் தேவைப்படும். இராமேஸ்வரம் பக்கம் டைவ் முடித்து அன்றே கொடைக்கானலுக்குக் காரில் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர், அதாவது விமானக் கேபினின் அழுத்த அளவுதான். கம்ப்யூட்டர் திரையில் ‘இப்போது பறக்கக் கூடாது’ என்று காட்டும் விமானத் தடைக்குறி மலைச்சாலைக்கும் பொருந்தும். சாலையில் ஏறும்போது எல்லாக் கருவியும் எச்சரிக்கை ஒலி எழுப்பிவிடாது. ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18, மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேற இடைநிறுத்தம் தேவைப்பட்ட ஆழமான டைவ் என்றால் அதைவிடக் கணிசமாக அதிகம் பொறுக்க வேண்டும் என்பது விமானப் பயணத்துக்கு, டைவர்களின் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பு தரும் வழிகாட்டுதல். காலை 11 மணிக்குள் இரண்டு டைவ் முடித்தவர் இரவு மதுரையில் தங்கி, மறுநாள் விடிந்த பிறகு மலையேறலாம்.

இப்படிக்கு,
ஸ்கூபா பயிற்றுநர் ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்