லத்தீன் படிக்கப் போகிறாள், விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் லத்தீனும் பிரெஞ்சும் சேர்த்துப் படிக்கப் போகிறேன் என்று என் பேத்தி சொன்னதும் உறவுக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "அதுக்கு வேலை கிடைக்குமா?" கேட்பதில் தப்பில்லை. ஆனால் கேட்டவர்களுடைய ஐயாக்கள், அதாவது தாத்தாக்கள், சின்ன வயதிலேயே கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையன்களாகக் கப்பலேறி, பர்மாவில் பர்மிய மொழியும் மலாயாவில் மலாயும் பழகித்தானே தொழில் நடத்தினார்கள், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோன் போனவர்கள் பிரெஞ்சுக்காரர் சட்டத்தோடும் மல்லுக்கட்டினார்கள். அந்த ஊர் மொழியும் பழக்கவழக்கமும் தெரியாமல் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போக முடியுமா?

லத்தீன் செத்த மொழியாம். சரி, வீட்டில் பேசுவோர் இல்லைதான். ஆனால் வீரமாமுனிவர் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பெயர்த்தது அந்த லத்தீனில்தான், நம் பேச்சுத் தமிழுக்கு அவர் எழுதி 1738இல் தரங்கம்பாடியில் அச்சான இலக்கணமும் லத்தீனில்தான். அதையெல்லாம் மூலத்திலேயே படிக்க நம் பிள்ளைகள் நாலு பேராவது வேண்டாமா? அப்புறம், நம் வேற்றுமை உருபு போலவே லத்தீனிலும் சொல்லின் கடைசிப் பகுதி மாறும், அதனால் சொற்களை முன்பின்னாகப் போட்டாலும் பெரும்பாலும் பொருள் புரிந்துவிடும். தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இதில் பயமே இல்லை. பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன் எல்லாம் அதன் வயிற்றில் பிறந்தவை.

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஏதாவது மாலை நேர லத்தீன் வகுப்பு தொடங்கட்டும். எனக்கு வயது 67, முதல் ஆளாகப் பணம் கட்டிச் சேருவேன்.

வாசகர் ஒருவர், காரைக்குடி